பக்கம் பதினான்கு

சனிக்கிழமை, ஃபஹாஹீல்.
பக்காலாவுக்கு மேலே முதல் மாடி.
எட்டு வயதுக்கென்று செய்த நாற்காலிகளில்
நாங்கள் ஏழு பேர்
முழங்கால் தாடையில் இடிக்க.

எனக்கு வேதியியலில் முதுகலை.
சென்னை, டெல்லி, குவைத் என்று
மூன்று ஊர் முத்திரை வாங்கிய பட்டம்.
இன்று அது கற்றுக்கொள்வது
மண்டியிடுவது எப்படி என்று.
"குனியாதேங்கோ, தரையில இருங்கோ.
குனிஞ்சாலும் நீங்கள் பெரிய ஆள்தான்"
என்றார் வதனி, பருத்தித்துறைக்காரர்,
முட்டியில் தைலம் மணக்க.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும்.
கதவை முழுக்கச் சாத்தவே கூடாது.
'ஏன் அடிச்சே' அல்ல,
'என்ன நடந்தது'.
ஷம்சத் கை தூக்கினாள்:
"வீட்ல எம் புள்ளையள்ட்டயும் இப்படித்தானா?"
"அதுக்குச் சம்பளம் இல்லை" என்றார் வதனி.
சிரித்து முடிக்கையில்
ஜன்னல் பழுப்பாகியிருந்தது.
வெளியே தூசி,
கடல் இருந்த திசையே காணோம்.

குப்பூஸுக்குப் பிறகு சீட்டு எடுத்தோம்.
ஷம்சத்துக்குக் கடிக்கிற பிள்ளை.
அருளப்பனுக்கு
இன்னும் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை.
நான் அவருக்கு டீச்சர்.

இருபத்திரண்டு வருடம் ரிஃபைனரியில்
குழாய்களுக்குப் பஞ்சு சுற்றிய கை.
போன மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிந்தது.
அழுவார் என்று கையேட்டில் இருந்தது.
அவர் அழவில்லை.
ஷூ லேஸை அவிழ்த்தார்.
கட்டினார்.
அவிழ்த்தார்.

"அப்பா வந்துடுவாங்கப்பா, டிராஃபிக்" என்றேன்.
"நிப்பாட்டுங்கோ. உங்களுக்கு அது தெரியுமோ?"
தெரியாது.
"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

கட்டினார். அவிழ்த்தார்.
பக்கம் பதினான்கு: தாமதமாகும் பெற்றோர்.
யாருக்கு முதலில் போன், யாருக்கு அடுத்தது,
எந்தப் படிவம், எந்தக் கட்டம்.
லேஸைப் பற்றி ஒரு வரி இல்லை.
தரையில் உட்கார்ந்தேன்.
"எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியல.
வர்ற வரைக்கும் நான் போக மாட்டேன்."
ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.
பிறகும் லேஸ்தான்.

முடிந்தது என்று வதனி கைதட்டினார்.
அவர் எழவில்லை.
"எம் பொண்ணு இப்படித்தான் பண்ணுவா.
ஷிஃப்ட் முடிஞ்சு ஏழரைக்குப் போய் நிப்பேன்.
ஒருநாளும் அழுததில்ல சார்னு
எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிருக்கேன்."

ஷம்சத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
யாரும் அதைப் பயிற்சியில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிஜப் பிள்ளைகள் வந்தார்கள்.
பதினெட்டு. எண்ணினேன். பதினெட்டு.
ஒருவன் கோந்தைத் தின்றான்.
ஒருத்தி என் பெயரை ஒன்பது விதமாய்க் கேட்டாள்,
ஒன்பதாவது விதம் எனக்கே பிடித்திருந்தது.
'ஏன்டா' என்று நான்கு முறை கத்தினேன்,
கையேடு அலமாரியில் இருந்தது.

ஏழு நாற்பதுக்கு
ஒரே ஒரு ஜோடி செருப்பு.
நிவேதன், ஆறு வயது.
போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.
உட்கார்ந்தேன். தெரியாது என்றேன். போக மாட்டேன் என்றேன்.
அவன் அதை யோசித்தான்.
"உங்களைக் கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க?"
"பஸ்."
"பஸ்ஸுக்கு உங்க பேரு தெரியுமா?"

ஏழு ஐம்பத்திரண்டுக்கு மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.
ரிஜிஸ்டரில் நேரம் எழுதிப் பேனாவை நீட்டினேன்.
கையெழுத்தின் மேல் கருப்பாக ஒரு கட்டைவிரல்.
மன்னிப்பு கேட்டுக்கொண்டே
அவர் அதைச் சட்டையால் துடைக்கத் துடைக்க
அடுத்த கட்டம் வரைக்கும் பரவியது.
அங்கே நாளைக்கு
யார் பெயரோ வர வேண்டும்.